இஞ்சினியர் ஆக நினைத்த டாக்டரம்மா



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது காலேஜ் நினைவுகள் பற்றி. ஹாஸ்டல் சாம்பார், அரியர்ஸ், பௌர்ணமி அன்று பஸ் கிடைக்காமல் நடந்தது... இதையெல்லாம் எப்படியும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு மழலையர் பள்ளி போர்டில் இவர் பெயர் கண்ணில் படும். மாண்டிசோரி. பலர் இதை ஏதோ கம்பெனி பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி இல்லை சார், ஒரு அம்மாவின் பெயர். அதிலும் இரண்டாம் உலகப் போர் முழுக்க நம்ம ஊர்ப்பக்கமே இருந்தவர். இங்கிருந்து பஸ் ஏறினால் நாலஞ்சு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அடையாறில்!

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ம் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். பெண்ணைப் பள்ளி ஆசிரியையாக்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். பெண்ணுக்கோ அந்த வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 13 வயதில் பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். காரணம், இஞ்சினியர் ஆக ஆசை. ஆக, இவர் ஒரு வகையில் நம்ம ஆள்தான்! ஏழு வருஷம் கணக்கும் விஞ்ஞானமும் படித்த பிறகு மனசு மாறி, மருத்துவம் படிக்கப் போனார். வகுப்பில் ஆண்கள் இருக்கும்போது ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்க்கக் கூடாது என்பதால், எல்லோரும் போன பிறகு தனியாக இருந்து அனாடமி படித்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரானார்.

டாக்டராக அவர் போன இடம் மனநோய் மருத்துவமனை. அங்கே மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லி, சில குழந்தைகளை வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கும். பேராசை பிடித்ததுகள் என்று காவலுக்கு இருந்த அம்மா அலுத்துக்கொண்டார். மாண்டிசோரி பார்த்தது வேறு. அந்த அறையில் கையால் தொட்டு உருட்ட வேறு ஒரு சாமானும் கிடையாது. பசி வயிற்றுக்கு இல்லை, கைக்கு! இதர், செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் எழுதியதைத் தேடிப் படித்து, மரக்கட்டைகள், எழுத்து வடிவங்கள் என்று செய்து கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறிவிட்டார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கோ வேறு கவலை. இவர்களே இவ்வளவு செய்யும்போது, நன்றாக இருக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன?

இந்தக் காலத்தில்தான் அவருக்கு 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். கூட வேலை பார்த்த டாக்டருடன் காதல். கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் கால ரோமில் விஷயம் வெளியே தெரிந்தால் அவருடைய வேலை, பெயர் எல்லாம் போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டார். உலகத்துக் குழந்தைகளையெல்லாம் உட்கார்ந்து கவனித்தவருக்குத் தன் பிள்ளை நடை பழகியதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவன் பெரிய பையனாகிக் கூட வந்து சேர்ந்த பிறகும், வெளியாரிடம் ரொம்ப வருஷம் உறவுக்காரப் பையன் என்றே சொல்லவேண்டியிருந்தது.

1907 ஜனவரி 6. ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதி. ஒரு கட்டடக் கம்பெனி அங்கே வீடுகளைப் பழுது பார்த்துக் கூலித் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பள்ளி வயது வராத வாண்டுகள் சுவரில் கிறுக்கி, மாடிப்படியை உடைத்து ஒரே ரகளை. பெயின்ட் அடித்து மாளவில்லை. யாராவது ஒரு அறையில் வைத்து இவர்களைப் பார்த்துக்கொண்டால் தேவலை என்று மாண்டிசோரியைக் கூப்பிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு கல்விமுறை, பில்டிங் மெயின்டனன்ஸ் செலவைக் குறைக்கப் போய்ப் பிறந்திருக்கிறது! (சிவில்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

சுமார் 50 குழந்தைகள். பெரிய படிப்பில்லாத ஒரு பெண்தான் டீச்சர். அது செய் இது செய் என்று அதட்டாமல் சாமான்களை எடுத்து வைத்துவிட்டு நடப்பதைக் கவனிக்கச் சொன்னார். பணக்கார அம்மாக்கள் கொடுத்த பொம்மைகள் ஒரு பக்கம், இந்த மரச்சாமான்கள் ஒரு பக்கம். குழந்தைகள் பொம்மைகளை விட்டுவிட்டு இதற்கே வந்தன. மூன்று வயதுப் பெண் ஒருத்தி மர உருளைகளைக் குழியில் போட்டு எடுப்பதையே நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். மற்றவர்களைப் பாடச் சொன்னார்கள், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு தானாகவே முடித்துவிட்டுத் தூங்கி எழுந்தவள் போலச் சந்தோஷமாக எழுந்து போனாள்.

அந்த உருளைக்கட்டையை இஞ்சினியர் கண்ணோடு பாருங்கள். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒவ்வொன்றும் ஒரு சைஸ். ஒன்றை இடம் மாற்றிப் போட்டாலும் கடைசியில் ஒன்று மிஞ்சும், அல்லது நுழையாது. தப்பு என்று சொல்ல டீச்சர் வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். ஃபேக்டரியில் நாம் கேஜ் வைத்து டயாமீட்டர் பார்க்கிற அதே தத்துவம். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று. 1 செ.மீ. பக்கத்திலிருந்து 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரம். பெரியது சின்னதைப்போல் ஆயிரம் மடங்கு. எண் படிக்கும் முன்பே குழந்தையின் கை அந்தக் கணக்கைத் தூக்கிப் பார்த்துவிடுகிறது. எழுத்துக்கு, அட்டையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டி, விரலால் தடவச் சொன்னார். சில மாதங்களில் நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள் சாக்பீஸை எடுத்துத் தாமாக எழுத ஆரம்பித்துவிட்டன. மணலிலும் அரிசியிலும் விரல் பிடித்து எழுதிப் பழகிய நம் தாத்தாக்களுக்கு இது ஒன்றும் அதிசயமாக இருந்திருக்காது. நாம்தான் அதை விட்டுவிட்டு, மூன்று வயதுக் குழந்தை கையில் பென்சிலும் நாலு கோடு நோட்டும் கொடுக்கிறோம். போன வருஷம் என் மகளுக்காக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். (பெயர் வேண்டாம்.) போர்டில் மாண்டிசோரி என்று கொட்டை எழுத்து. உள்ளே எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஏ பி சி டி இரண்டு பக்கம் ஹோம்வொர்க்! அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் வினை. அமெரிக்காவில் 1967-லேயே, அது பொதுச்சொல் ஆகிவிட்டது, யாருக்கும் தனி உரிமை இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்து வகுப்பு நடத்திக் காட்டும் அளவுக்குப் புகழ் வந்தது. எதிர்ப்பும் வந்தது. கில்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1914-லேயே ஒரு புத்தகம் போட்டு விமர்சித்தார். சாமான்களை ஒரே விதமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் கற்பனைக்கு எங்கே இடம் என்பது விமர்சகர்களின் கேள்வி. எனக்கும் இதில் கொஞ்சம் உடன்பாடு உண்டு. சின்னக் குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் வேண்டாம் என்று மாண்டிசோரி நினைத்தார். பாட்டி கதையும் சொப்புச் சாமானும் இல்லாத குழந்தைப் பருவம் என்ன பருவம்?

இன்னொரு சறுக்கல், முசோலினி. 1924 முதல் அவன் ஆதரவில் இத்தாலியில் பள்ளிகள் வளர்ந்தன, இவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைகளைச் சிப்பாய்களாக்குவதற்கும் இவர் முறைக்கும் எப்படி ஒத்துப்போகும்? 1934-ல் முறிந்தது. இத்தாலியில் பள்ளிகள் மூடப்பட்டன, ஜெர்மனியில் ஹிட்லரும் மூடினான். பார்சிலோனாவில் குடியிருந்தவரை 1936-ல் உள்நாட்டுப் போர் விரட்ட, ஹாலந்து போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்துதான் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, 1939 நவம்பரில் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். வயது 69. சில மாதம் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஓலைக் கொட்டகை போட்டு, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 300 பேருக்கு வகுப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ இங்கிலீஷில் சொல்லுவார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டுப் பிரஜைகள்! மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாவை அடையாறு வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். எழுபது வயதில், மொழி தெரியாத ஊரில், மகனையும் பிரிந்து. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று, வைஸ்ராய் மரியோவை விடுதலை செய்தார். அந்தச் செய்தியில் மரியோவை அவர் மகன் என்றே குறிப்பிட்டிருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நாற்பது வருஷம் ஊரறியச் சொல்ல முடியாத உறவை, பிடித்து வைத்த சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது.

போர் முடியும்வரை இங்கேதான். 1942 முதல் இரண்டு வருஷம் கொடைக்கானலில். பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடி, பாசி, பூச்சி என்று மலையையே பாடமாக்கினார். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அவருடைய பாடமுறை அங்கேதான் உருவானது. 1944-ல் இலங்கையில் பயிற்சி. 1946-ல் ஐரோப்பா போய், 1947-ல் மீண்டும் வந்து 1949 வரை இருந்தார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பிறந்தது முதல் ஆறு வயதுவரை குழந்தை சூழ்நிலையை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் எழுதிய முக்கியமான புத்தகம் 1949-ல் வெளியானது அடையாறிலிருந்துதான். 1952 மே 6-ம் தேதி ஹாலந்தில் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். நாடு நாடாக அலைந்தவர், இறந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பிற்பாடு 1990-ல் இத்தாலி தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தைப் போட்டது.

கூலிக்காரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது இன்றைக்கு ஃபீஸ் கட்ட முடிந்தவர்களின் சொத்தாகிவிட்டது என்பதுதான் என் வருத்தம். இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் தாராபாய் மோடக். கிஜுபாயுடன் சேர்ந்து குஜராத்தில் பவநகரில் மாண்டிசோரி முறையில் வேலை பார்த்தவர், 1945-ல் போர்டி கிராமத்தில் விலையில்லாத உள்ளூர்ச் சாமான்களை வைத்துச் சேரிப் பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன்வாடி என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு திட்டம் தொடங்கியபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. நம்ம ஊரில் பால்வாடி என்றால்தான் புரியும். தமிழ்நாட்டில் இவை சுமார் 54 ஆயிரம். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலிலும், பாயும் அட்டைகளும் தரையோடு ஒட்டிய கரும்பலகையுமாக மாண்டிசோரியின் சாயல் இருந்தது. 2019-ல் நடுநிலைப் பள்ளிகளோடு இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல காரியம். அங்கேயும் நாலு கோடு நோட்டு நுழையாமல் இருந்தால் சரி.

சங்க நிர்வாகிகளிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவு கதை. காலேஜைச் சுற்றியுள்ள கிராமங்களின் பால்வாடிகளுக்கு இந்தச் சாமான்களை நம் வொர்க்‌ஷாப்பிலேயே செய்து கொடுக்கலாம். கோபுரத்துக்குப் பத்துக் கட்டைக்கும் சேர்த்து 3,025 கன செ.மீ. மரம். வேம்போ பூவரசோ போதும், ஆசாரியிடம் வீணாகும் துண்டுகளிலேயே சின்னக் கட்டைகள் தேறும். மூலைகளை மழுக்கிவிட வேண்டும், வாயில் வைக்கிற சைஸில் உள்ளதை மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. எழுத்துக்கு அட்டையும் உப்புத்தாளும். ஆங்கிலத்துக்கு 26-தான், நமக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 அட்டை முதலில். மெக்கானிக்கல் தம்பிகள் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கினால் முதல் செட் தயாராகிவிடும். டிராயிங் போட்டு வைத்திருக்கிறேன், ரீயூனியன் அன்று ரிஜிஸ்ட்ரேஷன் மேசையில் இருக்கும்.