வேட்டை ரிவால்வரும் ஒரு மேழிப்பிடியும்: எல்மர் கீத் தேடிய கைப்பிடி

இதைப் படிக்கிற இந்த நிமிஷம், உங்க சுண்டுவிரல் எங்கே இருக்குன்னு கொஞ்சம் பாருங்க. பலருக்கு அது போனுக்கு அடியில் முட்டுக்கொடுத்துட்டு இருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பொருள் கைக்குள்ள சரியா அடங்கலைன்னா, விரல் தானாவே ஒரு இடத்தைத் தேடிக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவின் மேற்கில் குதிரையேறித் திரிஞ்சவங்களும் இதைத்தான் செஞ்சாங்க. அவங்க சுண்டுவிரல் முட்டுக்கொடுத்தது ரிவால்வருக்கு.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்தான் எல்மர் கீத். பேர் உங்களுக்குப் புதுசா இருக்கலாம். ஆனா 1971-ல் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருக்கிற அந்தப் பெரிய .44 மேக்னம் ஞாபகம் இருக்கா? அந்தத் தோட்டா பிறக்கணும்னு வருஷக்கணக்கா எழுதி எழுதியே கம்பெனிகளைக் குடைஞ்சவர் இவர். தோட்டாவைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கென்னவோ அவர் கைப்பிடியில் செஞ்ச வேலைதான் இன்னும் சுவாரஸ்யம்.

1899-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் மொன்டானா பக்கம் போனது. 12 வயசில் மிசௌலா நகரில் அவர் இருந்த கட்டடத்தில் தீ. உயிர் தப்பினாலும், முகமும் தோளும் வெந்து, இடது கை சுருண்டு மணிக்கட்டோடு ஒட்டிப்போச்சு. அந்தக் கையை நிமிர்த்தியது மருத்துவமனை இல்லை. பையன் பிடிவாதமா நிற்க, வீட்டிலேயே விரல்களை உடைச்சு நிமிர்த்திக் கட்டினாங்க. மயக்க மருந்தெல்லாம் கிடையாது. அந்தக் கையோடுதான் பிற்பாடு முரட்டுக் குதிரைகளை அடக்கினார், சுமைக்குதிரைகளை ஓட்டினார், வேட்டைக்கு வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப்போனார். துப்பாக்கி பிடித்தது வலது கை. ஆனால் ஒரு கை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை 12 வயசிலேயே யோசிக்க வேண்டி வந்த ஆள், ஆயுதத்தின் பிடியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்னா என்ன? ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னாடி இருக்கிற ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தணும். அப்புறம்தான் ட்ரிகர் வேலை செய்யும். அதனால கைப்பிடிக்கு ரெண்டு வேலை. சுடும்போது துப்பாக்கி கையை விட்டுத் துள்ளாமப் பார்த்துக்கணும். சுட்டு முடிச்சதும் கட்டைவிரல் ஹேமரை எட்டணும். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. கையை மேலே ஏத்திப் பிடிச்சா உதை அடங்கும். ஆனால் கட்டைவிரல் மடங்கித் திணறும். இறக்கிப் பிடிச்சா விரல் எட்டும். துப்பாக்கி மூக்கைத் தூக்கும்.

1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் பிடிக்கு அமெரிக்கர்கள் வைத்த பேர், நம்ம ஊர் விவசாயி பார்த்தாலும் வைத்திருக்கக்கூடிய பேர்தான்: மேழி. கலப்பையின் கைப்பிடி போல மேலே ஒல்லியாக, கீழே அகலமாக, வளைந்து இறங்கும். வடிவம் 1851-ன் நேவி மாடலிலிருந்து அப்படியே வந்தது. அந்தக் காலத்துக் கரிமருந்தின் மிதமான உதைக்கு அது அற்புதமான பிடி. சுட்டதும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் லேசாக உருண்டு மேலே போகும்; ஹேமர் தானே கட்டைவிரலுக்கு அடியில் வந்து நிற்கும். ஆனால் மூணு விரலுக்குத்தான் இடம், அதுவும் சின்னக் கைக்கு. பெரிய கை என்றால் சுண்டுவிரல் அடியில் போய்விடும், உங்க போனுக்குப் போன மாதிரியே.

சிக்கல் எங்கே ஆரம்பிச்சதுன்னா, கீத் மாதிரி ஆட்கள் அதில் பலமான மருந்தை அடைக்கத் தொடங்கியபோது. மலையில் எல்க் மான், கருங்கரடி எல்லாம் குறுக்கே வரும் இடம் அது. ரெண்டு கையிலும் குதிரைக் கயிறு இருக்கும்போது நீளத் துப்பாக்கியை எடுக்க நேரம் இருக்காது, இடுப்பில் இருப்பதுதான் துணை. 1925 ஜூலை 4, சுதந்திர தினக் கொண்டாட்டம். .45 கோல்ட்டில் அளவுக்கு மீறிய தோட்டாக்களைப் போட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார். சிலிண்டரின் மேல்பாதியும் சட்டத்தின் மேல்பட்டையும் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. காயமில்லாமல் தப்பினார். வேற ஆளா இருந்தா அன்னிக்கே துப்பாக்கியைத் தலைமுழுகியிருப்பார். இவரோ என்ன நடந்தது என்று எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அவரது எழுத்து வாழ்க்கை அந்த உடைந்த துப்பாக்கியிலிருந்துதான் தொடங்கியது. அதன் பிறகு, சுவர் தடிமனான .44 ஸ்பெஷல் சிலிண்டருக்கு மாறினார். கிட்டத்தட்ட 16 கிராம் ஈயத்தை நொடிக்குச் சுமார் 1,200 அடி வேகத்தில் தள்ளும் அளவுக்கு அதைக் கொண்டுபோனார்.

அந்த வேகத்தில் மேழிப்பிடி என்ன செய்யும் தெரியுமா? உருளும் வேகத்தில் ட்ரிகர் கார்டின் பின்பக்கம் நடுவிரல் கணுவில் போய் இடிக்கும். பத்து முறை சுட்டால் பதினொன்றாவது முறை சுடுவதற்கு முன்பே கை பயந்து இழுக்கும், குறி தப்பும். வேட்டையில் குறி தப்பினால் காகிதத்தில் ஓட்டை இடம் மாறுவதோடு முடியாது. காயம்பட்ட விலங்கு ஒன்று புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் வதைபடும். பிடி வசதியாக இருக்கணும் என்பதை சொகுசு என்று நினைக்காதீங்க, விஷயம் இதுதான்.

இன்னொரு பக்கம், 1894-ல் கோல்ட் கம்பெனி பிஸ்லி என்று ஒரு மாடல் விட்டது. இங்கிலாந்தில் துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் பிஸ்லி மைதானத்தின் பேர். அதன் பிடி பின்பக்கம் உயர்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் நன்றாகப் பதியும். உதை உருளாமல் நேராகப் பின்னால் வரும். ஹேமரும் தாழ்வாக, விரலுக்கு எட்டுகிற மாதிரி. ஆனால் நிதானமாக நின்று குறிபார்ப்பவருக்கான பிடி அது. சடாரென்று உருவி நீட்டினால் மேழிப்பிடி அளவுக்கு இயல்பாகக் கை போன இடத்துக்குப் போகாது.

1920-களின் கடைசியில் கீத் ஒரிகான் மாநிலத்தின் டர்க்கி என்ற ஊரில் இருந்தபோது, ஹரால்ட் கிராஃப்ட் என்பவர் பென்சில்வேனியாவிலிருந்து கண்டத்தையே கடந்து வந்தார், பெட்டி நிறைய ரிவால்வர்களோடு. 700 கெஜ தூரத்தில் கைத்துப்பாக்கியால் குறி அடிக்கிறேன் என்று எழுதும் இந்த ஆள் உண்மையா, கதையா என்று நேரில் பார்க்கணுமாம்! பார்த்தார். நண்பரானார். கிராஃப்ட் தன் சோதனைத் துப்பாக்கிகளுக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை எண் வைத்திருந்தார். ரெண்டு பேர் யோசனையும் சேர்ந்து, கைதேர்ந்த கொல்லர்கள் சிலர் கையில் உருவானது எண் 5.

அதன் பிடியில்தான் விஷயமே. பிஸ்லியின் முதுகுப்பட்டையையும் பழைய சிங்கிள் ஆக்‌ஷனின் ட்ரிகர் கார்டையும் வெட்டி, வளைத்து ஒட்டவைத்தார்கள். மேலே பிஸ்லி மாதிரி கையைப் பிடித்து நிறுத்தும். கீழே மேழியின் வளைவு மிச்சமிருக்கும். ஐந்தரை அங்குலக் குழல், யானைத்தந்தப் பட்டைகள் (அந்தக் காலத்தில் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை). ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் 1929-ல் இதைப் பற்றி எழுதியபோது, இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை இதுதான் என்கிற தொனியில் தலைப்பு வைத்தார். அடக்கம் அவருடைய பலம் அல்ல.

பிறகு வேகமாகச் சொல்லிடலாம். ஐடஹோவின் சால்மன் ஆற்றுப் பக்கம் பண்ணை, பெரிய தொப்பி, சுருட்டு. போர்க்காலத்தில் யூட்டாவின் ஆக்டன் ஆயுதக்கிடங்கில் துப்பாக்கிப் பரிசோதகர் வேலை. 1955-ல் ‘சிக்ஸ்கன்ஸ்’ புத்தகம். 1956-ல் .44 மேக்னம் கடைக்கு வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. எண் 5-க்காக இவ்வளவு மெனக்கெட்ட மனிதர், மேக்னம் வந்தபிறகு இடுப்பில் பெரும்பாலும் மாட்டிக்கொண்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நான்கு அங்குல டபுள் ஆக்‌ஷன். காயம்பட்ட ஒரு மானை அப்படியொரு மேக்னத்தால் 600 கெஜத்தில் வீழ்த்தியதாக எழுதி, ஆயுள் முழுக்கக் கேலி வாங்கினார். அடித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். அதைப் பார்த்து வேறொருவர் முயற்சி செய்வதைத்தான் நம்ப முடியாது.

சிங்கிள் ஆக்‌ஷன் பக்கமே நின்றவர்களுக்கோ பழைய பிரச்னை தீரவில்லை. ரூகர் கம்பெனி 1959-ல் சூப்பர் பிளாக்ஹாக்கில் பிடியை நீளமாக்கியது. சுண்டுவிரலுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சதுரமாக முடிந்த ட்ரிகர் கார்டு நடுவிரலை விடாமல் தட்டியது. ரப்பர் பட்டை போட்டுப் பார்த்தார்கள். வலி குறையும், ஆனால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உருள விடாது. வழவழப்பான மரம் உருளவிடும், வியர்த்த கையில் வழுக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது அந்த நடுவிரல் கணுவுக்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான். கையுறை போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர், கையுறையோடேயே பிடித்துப் பார்க்கணும்.

1981-ல் பக்கவாதம் கீத்தைச் சாய்த்தது. 1984 பிப்ரவரி 14 அன்று போனார். அதற்குப் பிறகு, எண்பதுகளின் நடுவில், ரூகர் தன் பிஸ்லியைக் கொண்டுவந்தது. பேர் பழைய பிஸ்லி. பிடியின் வளைவைப் பார்த்தவர்களுக்கோ எண் 5 தான் ஞாபகம் வந்தது. கனமான தோட்டாக்களோடு வேட்டைக்குப் போகிற பலர் இன்று தேடுவது அந்தப் பிடியைத்தான். சின்னக் கைக்காரர்கள் மட்டும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பழைய மேழிப்பிடிக்கே திரும்பிப் போகிறார்கள்.