பைக்கைப் பிரித்துப் பார்த்த ஜி.டி. நாயுடு

சுவர் இதழில் ‘பெரியவர்கள் வாழ்க்கை’ பகுதிக்கு இந்த முறை என்னை எழுதச் சொன்னார்கள். காமராஜர், பாரதியார், அப்துல் கலாம் எல்லோரையும் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. அதனால் நான் ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருக்கு. எங்க மாமா தென்னூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். பழைய புல்லட் வண்டியை வாங்கி, துரு எடுத்து, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி ஆக்கித் தருவார். லீவு நாளில் நான் அங்கேதான் இருப்பேன். பட்டறைச் சுவரில் மாமா மாட்டியிருப்பது சாமி படம் ஒன்று, ஜி.டி. நாயுடு படம் ஒன்று. யாரு மாமா இவருன்னு நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

அவருடைய முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். படிப்பு ஏறவே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். (ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இவர் பின்னால் என்ன செய்தார் என்று கீழே எழுதியிருக்கிறேன். அதையும் படித்துவிடுங்கள்.)

ஒரு நாள் லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே பார்த்த ஊர். மாடும் இல்லாம, குதிரையும் இல்லாம ஒரு வண்டி தானா ஓடி வருது! துரைசாமி அப்படியே நின்னுட்டார். வண்டியின் பெயர் ரட்ஜ். இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் சைக்கிள் செய்த கம்பெனி அது. அவர்கள் மோட்டார் சைக்கிள் விற்க ஆரம்பித்ததே 1911இல்தான். அப்படிக் கணக்குப் போட்டால் நாயுடுவுக்கு அப்போது 18 வயசாவது ஆகியிருக்கணும். கல்யாணம், காடு, தோட்டம் என்று யோசிக்கிற வயசு. அவருக்கோ அந்த வண்டி எப்படி ஓடுது என்பதைத் தவிர வேறு யோசனையே இல்லை.

கையில் காசு கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பி கோயம்புத்தூர் வந்து ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாடு போக மிச்சமான சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, கடைசியில் அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை வாங்கினார். விலை 300 ரூபாய் என்று சொல்வார்கள். அந்தக் காலத்து 300 ரூபாய்! வாங்கினவர் ஊரைச் சுற்றிக் காட்டிப் பெருமை அடிக்கவில்லை. முதல் வேலையாக வண்டியை முழுக்கப் பிரித்துப் போட்டார். பிரித்ததைத் திரும்ப மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். ஓடியது!

இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெரிய விஷயம்தான், ஏனென்றால் அந்தக் காலத்து ரட்ஜ் இப்போது இருக்கிற வண்டி மாதிரி இல்லை. மாமா விளக்கிச் சொன்னதை எழுதுகிறேன். 499 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சைக்கிள் மாதிரி பெடல் மிதித்துத்தான் கிளப்பணும். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது செயின் இல்லை, பெல்ட். மழை பெய்தால் பெல்ட் வழுக்கும். இன்ஜினுக்கு ஆயில் தானாகப் போகாது. ஓட்டிக்கொண்டே நடுநடுவே கையால் பம்ப் அடிக்கணும். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ‘சீஸ்’ ஆயிடுச்சு என்பார்களே, அது. பேட்டரியும் கிடையாது, மேக்னெட்டோ என்ற காந்தப் பெட்டிதான் பிளக்கில் பொறி தரும். இதே கம்பெனியின் வண்டி 1914இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த பெரிய பந்தயத்திலேயே ஜெயித்தது. இவ்வளவையும் ஒருவர் புத்தகம் இல்லாமல், சொல்லித்தர ஆள் இல்லாமல், ஒவ்வொன்றாகக் கழற்றி எது எங்கே இருந்தது என்று மனதில் வைத்து மாட்டியிருக்கிறார்.

எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். புல்லட்டின் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதி மாட்டவும், பாயின்ட் இடைவெளி வைக்கவும் எனக்குத் தெரியும். பொம்பளப் புள்ளைக்கு ஸ்பானர் எதுக்குன்னு அத்தை தினமும் சொல்றாங்க. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரணும் என்று நான் சொன்னதற்கு வீட்டில் இன்னும் யாரும் சரின்னு சொல்லவில்லை. அப்பா மட்டும் பதில் சொல்லாமல் பேப்பர் படிக்கிறார்.

சரி, நாயுடுவுக்கு வருகிறேன். வண்டியைப் புரிந்துகொண்டவர் சும்மா இருப்பாரா? நடுவில் பஞ்சு வியாபாரம் செய்து சம்பாதித்து, அதிலேயே நஷ்டமும் பட்டார். பிறகு மறுபடியும் மோட்டாருக்கே வந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் பண உதவி செய்ய, 1920இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் அதை ஓட்டினார். முதலாளி, டிரைவர் எல்லாம் அவரே. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ். அந்த ஒரு பஸ் பெருகிப் பெருகி நூற்றுக்கணக்கான பஸ் ஆனது. ரிப்பேரும் அவர்கள் பட்டறையிலேயே நடந்தது.

வெளிநாடுகளுக்கும் போய் வந்தார். ஜெர்மனிக்குப் போனவர் சின்ன மோட்டார் வைத்து பேட்டரியில் ஓடும் சவர ரேசர் ஒன்றைச் செய்தார், பெயர் ‘ரேசன்ட்’. மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழரசம் பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளம். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்ததுதான் இந்தியாவில் தயாரான முதல் மின்சார மோட்டார் என்று சொல்கிறார்கள். கோயம்புத்தூர் இன்றைக்கு மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர் போன ஊராக இருப்பதற்கு ஒரு ஆரம்பம் அது. நம்ம ஊர் வயலில் ஓடுகிற பம்புசெட்டிலும் கோயம்புத்தூர் பேர் இருக்கும், பாருங்க.

எல்லாம் ஜெயித்துவிடவில்லை. ஒரு தடவை தேர்தலில் நின்றார், தோற்றார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் சின்ன கார் ஒன்றைச் செய்தார், விலை 2000 ரூபாய்தான். ஆனால் தயாரிக்க அரசாங்கத்திடமிருந்து லைசென்ஸ் கிடைக்கவில்லை. வரிக் கொள்கையை எதிர்த்து, தன்னுடைய பொருட்களையே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தும் இருக்கிறார். இது எனக்குப் புரியவே இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்ததை உடைக்க எப்படி மனசு வந்தது? கோபம் நியாயமாகவே இருக்கட்டும், உடைக்காமல் ஏழைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்திருந்தால் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது என்கிறார்.

இப்போது ஆசிரியர்களுக்குச் சொன்ன விஷயம். மூன்றாம் வகுப்போடு நின்ற அதே மனிதர்தான் 1945இல் கோயம்புத்தூரில் தொழில்நுட்பப் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கக் காரணமானவர். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கல்லூரிதான் இன்றைக்கு கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நாயுடுவே அங்கே முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷப் படிப்பு தேவையில்லை, இரண்டே வருஷத்தில் கற்றுத்தர முடியும் என்று வாதாடினார். அரசாங்கம் கேட்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லணும். ‘ட்ரையல்’ என்று ஒரு போட்டி இருக்கிறது. வேகம் முக்கியமில்லை. பாறை, ஓடை, சேறு எல்லாவற்றிலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டணும். ஊன்றினால் தண்டனைப் புள்ளி. நம்ம ஊர் புல்லட்டே அப்படிச் சோதித்துப் பார்த்த வண்டிதான். 1948இல் இங்கிலாந்தில் புது மாடலை ட்ரையல் போட்டியில் ஓட்டிக் காட்டினார்கள். 1952இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலில் ஜானி பிரிட்டன் என்பவர் புல்லட்டில்தான் ஜெயித்தார். 1956இல் சென்னை திருவொற்றியூரில் அதே வண்டி தயாராக ஆரம்பித்தது. பழைய புல்லட்டை ட்ரையலுக்கு மாற்றுகிறவர்கள் பின்னால் பெரிய பல்சக்கரம் போடுவார்கள், சைலன்சரை மேலே தூக்கிக் கட்டுவார்கள், டயரில் காற்றைக் குறைப்பார்கள். வற்றின காவேரி மணலில் இதை ஓட்டிப் பார்க்கணும் என்று எனக்கு ஆசை. மாமா முதலில் உய்யக்கொண்டான் கரையில் சைக்கிளைக் கால் ஊன்றாமல் மெதுவா ஓட்டிப் பழகச் சொல்லியிருக்கிறார். செய்து பாருங்க, வேகமா ஓட்டுவதை விட அதுதான் கஷ்டம்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய கார்களுக்கு என்று தனியாகவும் ஒன்று இருக்கிறது. 2025இல் அதே ரோட்டில் திறந்த 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். நான் இதுவரை எதையும் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூர் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, உள்ளே என்னென்ன வண்டி பார்த்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். டிக்கெட் எவ்வளவு என்றும் சொன்னால் நல்லது.