மூச்சை ஆராய்ந்த மேதை

கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையைப் பிளந்து ஆழமாகத் தோண்டப்பட்டவை. நெடுநாள் பாழ்பட்டுக் கிடந்த கிணற்றில் இறங்குமுன், எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது அறிந்தோர் வழக்கம். விளக்கு அணையுமாயின் இறங்கார். அங்ஙனம் விளக்கை அணைக்கும் கெட்ட காற்று மனிதனை என் செய்யும் என்பதைத் தம் உடலையே கருவியாகக் கொண்டு ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பேரறிஞர்.

அவர் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில் பிறந்தார்; 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி நேர்ந்து தொழிலாளர் பலர் மாண்டு வந்த காலம் அது. மாண்டோரில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, வெடித்தபின் பரவும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவே என்று அவர் 1896இல் நிறுவினார். அவ்வாயுவைத் தாமே உட்கொண்டு, நடக்க இயலாத நிலை எய்தும்வரை சோதித்தும் பார்த்தார்.

மூச்சை ஏவுவது எது? பிராணவாயுவின் குறைவே என்று கருதினோர் பலர். ஹால்டேனும் அவர்தம் துணைவர் பிரீஸ்ட்லியும் நீண்ட குழாயில் மூச்சை முற்றும் ஊதி, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கடைக்காற்றை அளந்தனர். பென் நெவிஸ் மலையுச்சியிலும் கார்ன்வால் சுரங்கத்தின் அடியிலும் அளந்தனர். எங்கும் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அது 0.2 விழுக்காடு மிகுந்தாலே மூச்சு இருமடங்காயிற்று. இம்முடிவு 1905இல் வெளிவந்தது. குருதியில் கரியமில வாயு மிகுந்ததும் மூளையின் முகுளப் பகுதி அதனை உணர்ந்து உதரவிதானத்தை விரைந்து இயக்குகின்றது. மூச்சை அடக்குவோன் சிறிது நேரத்தில் தோற்பதும் இதனாலேயே. பிராணவாயுக் குறைவைக் கழுத்துத் தமனியருகேயுள்ள சிற்றுறுப்புகள் உணரும்; ஆயினும் அது வெகுவாகக் குறைந்த பின்னரே அவை வலிந்து ஏவும்.

இங்கேதான் இடர் உள்ளது. கரியமில வாயு மிகாமல் பிராணவாயு மட்டும் குறைந்த காற்றில் நிற்பவன் திணறலை உணராமலே மயங்கி வீழ்வான். விளக்கோ, பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து 17 அளவிற்கு இறங்கும்போதே அணைந்துவிடும்.

ஹால்டேன் தம் மைந்தரைச் சிறுவயதில் சுரங்கத்திற்கு அழைத்துச் சென்று, மேற்புறம் தேங்கிய மீத்தேன் வாயுவில் நின்று நாடகப் பகுதியொன்றை ஒப்பிக்கச் செய்தார். சிறுவர் பாதியில் கால் தளர்ந்து வீழ்ந்தார். தரையருகே நல்ல காற்று இருந்தமையால் பிழைத்தார். தந்தை செய்யத்தக்க செயலோ இது எனின், ஐயமே. கிணற்றிலோ நிலைமை நேர்மாறானது. கரியமில வாயு கனத்தது, அடியில் தங்கும். ஆங்கு வீழ்ந்தவனுக்கு உய்வில்லை. அவனைத் தூக்க இறங்குபவனுக்கும் இல்லை. அம்மைந்தரே 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன்.

தந்தையார் எழுபத்தைந்தாம் வயதிலும் பாரசீகம், ஈராக் நாடுகளுக்குச் சென்று, எண்ணெய்த் தொழிலாளர் வெப்பத்தால் மடிவதை ஆராய்ந்தார். திரும்பியபின் நுரையீரல் அழற்சி கண்டு, 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.