வெள்ளரிக்காய் விளைச்சலால் திவாலான ஹைன்ஸ்

மாணவர்களே, கடைகளில் தக்காளி சாஸ் பாட்டிலின் மேல் ஹைன்ஸ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். கிள்ளானில் ஊறுகாய் தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் உற்பத்திக் கணக்குப் பார்ப்பவன் நான். அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையில் என்னை ஈர்த்தது அவருடைய வெற்றியல்ல, 1875ஆம் ஆண்டு.

ஹென்றி ஜான் ஹைன்ஸ் 1844இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே வீட்டுத் தோட்டத்துக் காய்கறிகளைக் கூடையில் சுமந்து விற்றார். வணிகக் கல்லூரியில் கணக்கியல் படித்தார். 1869இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பாட்டில் உணவுத் தொழிலைத் தொடங்கினார்.

ஊறுகாய்க்காக வெள்ளரிக்காயைப் புஷலுக்கு 60 சென்ட், முட்டைக்கோஸை டன்னுக்கு 10 டாலர் என்று விலை பேசி, விளைவதை எல்லாம் வாங்கிக்கொள்வதாக விவசாயிகளிடம் ஒப்புக்கொண்டார். விலைக்கு வரம்பு இருந்தது, அளவுக்கு இல்லை. 1875இல் அமோக விளைச்சல். காய்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. 1873 முதலே நாட்டில் கடும் பணமுடை. ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் திவாலானது.

கணக்குப் படித்தவருக்கே இப்படியா என்று கேட்கலாம். ஒரு பேட்ச் முடிந்ததும் கலன்களைக் கழுவி மாற்ற 60 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பாட்டில் போட்டால் ஒன்றுக்கு 60 சென். 300 போட்டால் 20 சென்தான். தாளில் பார்த்தால் பெரிய பேட்ச்தான் லாபம். ஆனால் காய்க்கு இன்றே பணம் கொடுக்க வேண்டும். அது உப்பில் ஊறி, பாட்டிலாகி, விற்றுப் பணமாகப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குக் கையில் காசு வேண்டுமே! தீபாவளிக்கு முன் எங்களுக்கும் இதே நெருக்கடிதான். எத்தனை பீப்பாய் காலி, எந்த வாரம் பணம் வரும் என்று பார்த்த பிறகே மாங்காய்க்கு ஆர்டர் கொடுப்போம்.

ஹைன்ஸ் 1876இல் தம்பி, உறவினர் பெயர்களில் மீண்டும் தொடங்கினார். திவாலானவர் என்பதால் அவருக்கு அங்கே மேலாளர் பொறுப்புதான். அந்த ஆண்டே தக்காளி கெட்சப் விற்பனைக்கு வந்தது. (நம் மலாய்ச் சொல்லான கிச்சாப்பும் கெட்சப்பும் ஒரே வேர் என்பர்.) 1888இல் நிறுவனம் அவர் பெயருக்கு மாறியது.

பழைய கடன்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடைத்தார். 1919இல் அவர் மறைந்தபோது 6,000க்கும் மேற்பட்டோர் அவருடைய நிறுவனத்தில் வேலை செய்தனர்.