தமிழிலே மருத்துவங் கற்பித்த கிறீன்

சென்ற ஆண்டு விடுமுறையில் எம் வகுப்பினர் சிலருடன் யாம் சேர்வராயன் மலைக்குச் சென்றிருந்தோம். ஏற்காட்டு ஏரியின் மிகுநீர் அருவியாய் வீழும் கிளியூருக்கு இறங்கும் வழியில் மூதாட்டி ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். உதவிக்கு ஓடிவந்த ஒருவர் தாம் பயின்ற ஆங்கிலச் சொற்களாலேயே அவள் மகனை வினவ, அவன் திகைத்து நின்றான். பின்னர் அவரே, தாய் என்ன மருந்து உட்கொள்கிறாள், காலையில் என்ன உண்டாள் என்று தமிழிற் கேட்டார். நீரிழிவு மாத்திரை உண்டதும், பின் ஒன்றும் உண்ணாததும் உடனே வெளிவந்தன. உடல் வியர்த்துக் குளிர்ந்திருந்த காரணமும் விளங்கிற்று. விழுங்கும் நிலையில் இருந்தமையால் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாய்ப் புகட்டினர். மூதாட்டி கண் தெளிந்தாள்.

அன்றிரவு எம் நினைவில் நின்றவர் யாழ்ப்பாணத்து டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

அன்னார் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவங் கற்று, 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் மருத்துவப்பணியையும் மாணாக்கர்க்குக் கற்பித்தலையுந் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே பாடமொழியாயிருந்தது. இடையிற் சில ஆண்டு தாயகஞ் சென்றிருந்து, மணமுடித்து, 1862இல் மீண்டு வந்தார்.

வந்தபின் அவர் செய்த துணிவே எம்மை வியப்பிலாழ்த்துகின்றது. 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையுந் தமிழிலேயே நடத்தலானார். ஆங்கிலங் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் பிற ஊர் போய்விடுவான். தமிழிற் கற்றவனோ தன் ஊரார் நடுவே தங்குவான் என்பது அவர் கணக்கு. உத்தியோகத்திற்கு ஆங்கிலமே வாயிலாயிருந்த காலத்தில் இஃது எளிய முடிபன்று. தம் மாணாக்கர் கிறிஸ்தவராயினும் ஊணுடையில் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்பதும் அவர் விருப்பம்.

நோயாளியைச் சோதித்தல் என்பது பாதி கண்ணுங் கையும், பாதி செவியும் ஆம். அழைத்தால் விழிக்கின்றானா, மூச்சு எளிதாய் ஓடுகின்றதா, நாடி விரைகின்றதா தளர்கின்றதா, தோல் குளிர்ந்ததா கொதிக்கின்றதா, கண்மணி இரண்டும் ஒத்திருக்கின்றனவா, இவையெல்லாம் பிறர் கண்டறியுங் குறிகள். வலி எங்கே, எப்பொழுது தொடங்கிற்று, தலை சுழல்கின்றதா, குமட்டல் உண்டா என்பனவோ அவன் வாய்திறந்து சொன்னாலன்றி ஒருவர்க்கும் புலப்படா. சொல்லுவோன் மொழியுங் கேட்போன் மொழியும் வேறானால் இந்தப் பாதி மறைந்தே போகும். கிளியூரிற் கண்டது இதுவே.

ஆசிரியர் உண்டு, மாணாக்கர் உண்டு, நூல் இல்லை. ஆதலின் கிறீன் தம் மாணாக்கர் துணைகொண்டு மொழிபெயர்க்கலானார். முதலிற் தமிழில் வழங்குஞ் சொல்லைத் தேடுவர். கிடையாதாயின் வடமொழியை நாடுவர். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்ப்பர். இவ்வாறு 1867இல் இரணவைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும், 1875இல் கெமிஸ்தமும் வெளிவந்தன. கலைச்சொல் அகராதிகளும் உடன் எழுந்தன. நாலாயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட இவ்வுழைப்பை ஒரு மனிதர் நோயாளிக் கூட்டத்தினிடையே செய்தார் என்பதை எண்ணின், ஒரு கட்டுரைக்கே ஒரு திங்கள் தவணை கேட்கும் எம்மனோர்க்கு நாணமுண்டாகின்றது.

அச்சொற்கள் யாவும் இனியன என்று யாம் கூறோம். அங்காதிபாதம், சுகரணம் முதலியன நாவிற்குப் பாரமானவை. இன்று உடற்கூறு, உடலியல் என்னுஞ் சொற்கள் அவற்றின் இடத்தைக் கொண்டன. நாடியும் மூச்சும் அன்றும் மக்கள் வாயில் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

60 பேருக்கு மேற்பட்ட மருத்துவரைப் பயிற்றியபின், 1873இல் கிறீன் தாயகந் திரும்பினார். அங்கும் ஓய்ந்திலர், தமிழ்நூற் பணி கடல்கடந்தும் நடந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் ஊஸ்டரிலேயே உயிர்நீத்தார். இந்து பதார்த்தசாரம் அவருக்குப்பின் 1888இல் வெளிவந்தது. தமிழ்வழி மருத்துவக் கல்வி அவரோடு நெடுநாள் நிலைத்திலது. மானிப்பாய் மருத்துவமனை மட்டும் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. ஊஸ்டரில் உள்ள அவர் கல்லறையிலோ, அவர் தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது.