துருவக் கடலின் சேற்றைப் படித்தவர்

கடலடியிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் கொடுத்தால் நாம் என்ன செய்வோம்? உதறிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வோம். அந்தச் சேற்றையே ஓர் ஏடாகக் கருதிப் படித்தவர் ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் ஏரன்பெர்க். தென் துருவக் கடலின் அடிப்படிவை நுண்ணோக்கியில் வைத்துக் கண்ட முன்னோடி அவர். ஆனால் அந்தத் தென் துருவப் பக்கம் அவர் போனதே இல்லை!

லைப்சிக் நகருக்கு அருகிலுள்ள டெலிட்ஷ் என்னும் சிற்றூரில் 1795 ஏப்ரல் 19 அன்று பிறந்தார். முதலில் பயின்றது சமயக் கல்வி. பிறகு அதை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். (சேர்ந்த பாடம் ஒன்று, விரும்பிய பாடம் ஒன்று என்று இருப்போர் நம் வகுப்புகளிலும் உண்டு.) 1818 இல் பெர்லினில் காளான்களைப் பற்றிய ஆய்வுரை அளித்துப் பட்டம் பெற்றார். 1820 இல் உயிர் நண்பர் ஹெம்ப்ரிக்குடன் எகிப்து, செங்கடல் நாடுகளுக்கு ஆராய்ச்சிப் பயணம் புறப்பட்டார். 1825 இல் மசாவா துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு ஹெம்ப்ரிக் இறந்தார். நண்பரை அங்கே புதைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான செடிகளோடும் விலங்குகளோடும் ஏரன்பெர்க் நாடு திரும்பினார். 1829 இல் மாமேதை ஹம்போல்ட்டுடன் ரஷ்யா வழியாகச் சீன எல்லை வரை சென்று வந்தார். அதன்பின் அவருடைய பெரும் பயணங்களெல்லாம் நுண்ணோக்கியின் குழாய் வழியாகவே நடந்தன.

ஜேம்ஸ் ராஸ் என்னும் ஆங்கிலேயத் தளபதி 1839 முதல் 1843 வரை எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் அண்டார்க்டிக் கடலை ஆராய்ந்தார். எரிபஸ் கப்பலில் ஜோசப் ஹூக்கர் என்ற இளம் மருத்துவர் இருந்தார். புறப்படும்போது அவருக்கு வயது 22. நம்மைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர்! பனிக்கட்டியில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்ட அவர், உருகிய பனியின் கசடையும், ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து எடுத்த சேற்றையும் சேகரித்தார். அவை பெர்லினுக்கு வந்து சேர்ந்தன. 1844 இல் ஏரன்பெர்க் தம் முடிவை வெளியிட்டார். 78 பாகை தென் அட்சத்தில் மிதந்த பனிக்கட்டியின் கசடில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள்! புல் பூண்டு முளைக்காத அந்தப் பனிப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காடு வளர்கிறது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. டயாட்டம் எனப்படும் பாசிகளின் ஓடுகளே அவை.

அவர் சொன்னவை எல்லாம் சரியல்ல. நுண்ணுயிர்களுக்கு நீலச் சாயத்தை ஊட்டிப் பார்த்த அவர், உள்ளே தெரிந்த நிறப் புள்ளிகளையெல்லாம் வயிறுகள் என்றார். ஒரே உயிரணுவுக்குப் பல வயிறுகள்! பிரெஞ்சு அறிஞர் டுஜார்டின் மறுத்தார். ஏரன்பெர்க் இறுதிவரை இணங்கவில்லை. அதுபோலவே, சேற்றில் கிடைத்த ஓடுகளுக்குள் மென்மையான சதைப் பகுதியைக் கண்டதால், அவ்வுயிர்கள் கடலின் அடியிலேயே வாழ்கின்றன என்று வாதிட்டார். சாலஞ்சர் கப்பலின் ஆராய்ச்சியாளர்கள் மேற்பரப்பில் வலை வீசிப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை மேல்நீரில் மிதந்து வாழ்பவை. இறந்தபின் ஓடுகள் மழைபோல் அடிக்கு இறங்குகின்றன. அக்கப்பல் 1876 மே 24 அன்று இங்கிலாந்து திரும்பியது. ஜூன் 27 அன்று ஏரன்பெர்க் பெர்லினில் மறைந்தார்.

அவர் 1861 இல் விவரித்த ஒரு சின்னஞ்சிறு சுண்ணாம்பு ஓட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிரீன்லாந்தை ஒட்டிய டேவிஸ் நீரிணையின் அடிச்சேற்றில் கிடைத்தது அது. ஓடு தடித்திருந்ததால் பாக்கிடெர்மா, அதாவது தடித்த தோல், என்று பெயரிட்டார். அது இடப்பக்கமாகச் சுருண்டிருப்பதையும் குறித்து வைத்தார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1959 இல் எரிக்சன் என்பவர் அந்தச் சுருளின் பொருளைக் கண்டார். குளிர்ந்த நீரில் இடச்சுருள் ஓடுகள் மிகுதி. சற்று வெப்பமான நீரில் வலச்சுருள் மிகுதி. ஆகவே சேற்றுப் படிவை அடுக்கடுக்காக எடுத்து இடச்சுருள் ஓடுகளை எண்ணினால், கடல் எப்போது குளிர்ந்தது, எப்போது சூடேறியது என்று கணக்கிடலாம். வலச்சுருள் ஓடு வேறொரு தனி இனம் என்று 2006 இல் மரபணு ஆய்வு பிரித்துக் காட்டியது. பாக்கிடெர்மா என்ற பெயர் இடச்சுருளுக்கே நிலைத்தது.

மைக்காத் தகடுகளில் அவர் பதித்த சுமார் 40,000 மாதிரிகள் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆய்வாளர்கள் இன்றும் அவற்றை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறார்கள்.