அரைமணி நேரச் சூளை

மேனாட்டுக் கலைக்கூடங்களில் இன்று காணப்படும் பூச்சாடிகளுள் ஒருவகை என்னை எப்பொழுதும் நிறுத்திவிடும். மெருகெங்கும் மயிரிழை வெடிப்புகள். அவற்றினுள்ளே புகையின் கருமை. ராக்கு என்னும் யப்பானியச் சூளைமுறையின் வழிவந்தவை அவை. (சோதிடர் அஞ்சும் இராகுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இன்பத்தைக் குறிக்கும் யப்பானியச் சொல் இது.) பதினாறாம் நூற்றாண்டிலே சோஜிரோ என்பவர் தேநீர்க் கிண்ணங்கள் வனைந்து தொடக்கிய முறை. ஆயினும் அச்சாடிகளைக் காணுந்தோறும் நான் நினைப்பது பேணாட் லீச் என்னும் ஆங்கிலேயரையே.

1887 இல் ஹொங்கொங்கில் அவர் பிறந்தபோதே தாய் இறந்தார். யப்பானிலிருந்த பாட்டன் பாட்டியிடம் சில ஆண்டுகள் வளர்ந்தார். இலண்டனில் ஓவியம் பயின்றார். இடையிலே வங்கி உத்தியோகமும் பார்த்தார். செப்புத்தகட்டுச் சித்திரக்கலையைக் கற்பிக்க 1909 இல் யப்பான் சென்றார். கற்பிக்கப் போனவர் மாணாக்கரானது 1911 இல்.

அவ்வாண்டு தோக்கியோவில் நண்பர் கூட்டமொன்று. வந்தோரிடம் மெருகிடாத கலங்களைக் கொடுத்துச் சித்திரம் தீட்டச் சொன்னார்கள். லீச்சும் தீட்டினார். கலங்களை மெருகிலே தோய்த்துச் சிறு சூளையிலிட்டனர். அரைமணி நேரத்துக்குள் செந்தணலாய் ஒளிர்ந்த அவற்றை இடுக்கியாற் பற்றி வெளியே எடுத்தனர். ஆற ஆற நிறங்கள் கண்முன்னே பிறந்தன. ஏனைய சூளைகளோ ஆறுவதற்கே நாட்கணக்காகும். அன்றே குயவராவதென்று துணிந்தார். கென்ஸான் மரபின் ஆறாம் தலைமுறையினராகிய முதியவர் அவருக்கு ஆசானானார்.

1919 இல் அவருடைய தொழிற்சாலை எரிந்து சாம்பராயிற்று. தீயை நம்பிய தொழிலைத் தீயே விழுங்கியது. அவர் விடவில்லை. அடுத்த ஆண்டே ஹமாதா ஷோஜியுடன் இங்கிலாந்தின் செயின்ற் ஐவ்ஸ் நகருக்கு வந்து, சரிவிலே படிப்படியாக ஏறும் யப்பானியச் சூளையொன்றை அமைத்தார். வறுமையும் கூடவே வந்தது.

குயவர்க்கென அவர் எழுதிய நூல் 1940 இல் வெளியாயிற்று. ராக்கு முறையும் அதிலே விளக்கப்பட்டிருந்தது. 1960 இல் அமெரிக்கராகிய போல் சோல்ட்னர் கலிபோணியாவில் அந்நூலைத் துணைக்கொண்டு சூளை மூட்டினார். விளைவு மனத்துக்கு ஒவ்வவில்லை. கனன்ற கலத்தை அருகே கிடந்த இலைகளிற் புரட்டினார். எழுந்த புகை வெடிப்புகளிற் படிந்தது. இன்றைய பூச்சாடியின் பிறப்பு அதுவே.

சோஜிரோவின் வழியினர் இவ்வாறு புகையூட்டுவதில்லை. ஆதலின் இதனை ராக்கென்பது தகாதென்பாருமுளர். அவர் கூற்றில் நியாயமுண்டு. ஆனால் ஏட்டில் ஏறிய கலை எழுதியவனின் பிடியில் நிற்பதில்லையே.

முதுமையிலே லீச்சின் பார்வை மங்கியது, வனைவதை நிறுத்தினார். 1979 இல் செயின்ற் ஐவ்ஸிலேயே காலமானார்.